பாப்பாவை பார்த்துக்கற அம்மாகிட்ட "இது வேணாம்"னு எப்படி சொல்றது?

கண்ணாடிப்பூ
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க. எனக்கு ஒன்றரை வயசுல ஒரு பொண்ணு. நானும் வீட்டுக்காரரும் வேலைக்கு போறோம், காலைல கிளம்பினா இருட்டின அப்புறம் தான் வீடு. பாப்பாவை பார்த்துக்கறது எங்க அம்மா. மாமியார் இல்ல, என்னைப் பெத்த அம்மா, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு, மாமியாரா இருந்தா இவரை விட்டு சொல்லச் சொல்லியிருப்பேன்.

அம்மா நல்லா தான் பார்த்துக்கறாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஊட்டும்போது ஃபோன் காட்ட வேணாம்மான்னா "நீ ஆபீஸ்ல உக்காந்துட்டு சொல்லுவே, அவ எதுக்கு வாயைத் திறப்பான்னு எனக்கு தானே தெரியும்"ங்கறாங்க. போன வாரம் காய்ச்சல் அடிச்சப்போ மருந்து குடுத்திருக்காங்க, என்கிட்ட சொல்லவே இல்ல, நான் வந்ததும் குடுக்கப் போனேன், மூடி ஈரமா இருந்ததை பார்த்து தான் கேட்டேன். பாப்பா குளிக்கற போட்டோவை சொந்தக்காரங்க க்ரூப்ல போடறாங்க. எல்லாத்தையும் விட எனக்கு சுர்ருனு ஏறறது என்னன்னா, நான் ஏதாவது கண்டிச்சா பாப்பா முன்னாடியே "உங்கம்மா கிடக்கா, நீ வாடி தங்கம்"னு தூக்கிட்டு போயிடறாங்க.

ஒரு தடவை உக்காந்து பேசலாம்னு ஆரம்பிச்சேன், ரெண்டாவது வரியிலயே "அப்போ வேற ஆளை வெச்சுக்கோ"ன்னு எழுந்து போயிட்டாங்க. அப்புறம் பேச்சே இல்ல, பாப்பாகிட்ட மட்டும் பேசறாங்க. வேற ஆள் வைக்கற நிலைமைலயும் நாங்க இல்ல, எனக்கு அதுல இஷ்டமும் இல்ல. இதை தாண்டி வந்தவங்க யாராவது எப்படி பேசினீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

வாயாடி
கோச்சுக்காதீங்க சிஸ், ஓப்பனா சொல்றேன். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஒரு வயசானவங்க சம்பளம் இல்லாம ஒண்ணரை வயசு குழந்தை பின்னாடி ஓடறாங்க. அதுல ஃபோன் காட்டினாங்க, போட்டோ போட்டாங்கன்னு லிஸ்ட் எடுத்தா யாருக்கா இருந்தாலும் கோவம் வரும். ரூல் போடணும்னா சம்பளம் குடுத்து ஆள் வெச்சு போடுங்க. இலவசமா கிடைக்கறப்போ கொஞ்சம் கண்ணை மூடிக்கணும்.

மூணாவது_ஷிப்ட்
@வாயாடி பாதி சரி பாதி தப்பு. காசு வாங்காததால எதை வேணா பண்ணலாம்னா மருந்தை டபுள் டோஸ் குடுத்தாலும் கண்ணை மூடிக்கணுமா?

கண்ணாடிப்பூ சிஸ், எங்க வீட்டுலயும் இதே கதை தான், என் அப்பா அம்மா ரெண்டு பேரும் பையனை பார்த்துக்கறாங்க. நானும் என் வொய்ஃபும் ஒரு நாள் ராத்திரி உக்காந்து எங்களுக்கு எரிச்சல் வர்ற எல்லாத்தையும் எழுதினோம். எழுதிட்டு பார்த்தா முக்காவாசி "நாங்களா இருந்தா வேற மாதிரி பண்ணுவோம்"ங்கற ரகம் தான், சட்டை கலர், தூங்க வைக்கற பாட்டு, ஷூ போடாம விடறது, இந்த மாதிரி. அதை எல்லாம் அடிச்சுட்டோம். மிச்சம் இருந்தது ரெண்டே வகை. ஒண்ணு உயிருக்கு ஆபத்தானது, மருந்து, தூக்கம், தண்ணி, வண்டியில பெல்ட். இன்னொண்ணு குழந்தை முன்னாடி எங்களை மட்டம் தட்டறது. முதல் வகையில பேரமே கிடையாதுன்னு முடிவு பண்ணோம், ரெண்டாவதை பொறுமையா பேசணும்னு முடிவு பண்ணோம்.

இன்னொரு விஷயம், எப்போ பேசறோம்ங்கறது. சாயங்காலம் நீங்க ட்ராஃபிக்ல நொந்து வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள "என்னம்மா இன்னிக்கும் ஃபோனா"ன்னு ஆரம்பிச்சா அங்க சண்டை தவிர ஒண்ணும் நடக்காது. அந்த நேரத்துல அவங்களும் நாள் பூரா நொந்து தான் உக்காந்திருப்பாங்க. லீவு நாள்ல, குழந்தை தூங்கும்போது, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துப் பேசுங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு தான்.

ஜன்னலோரம்
நான் குழந்தைங்க வார்டுல நர்ஸ். போட்டோ, பாட்டு எல்லாம் நீங்க பேசிக்கோங்க, மருந்து மேட்டரை மட்டும் நான் எடுத்துக்கறேன், ஏன்னா இந்த "நானும் குடுத்தேன் அவங்களும் குடுத்தாங்க" கேஸ் நிறைய பார்த்தாச்சு.

பாராசிட்டமால் வயசை வெச்சு இல்ல, எடையை வெச்சு தான் கணக்கு. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம், ரெண்டு டோஸுக்கு நடுவுல குறைஞ்சது 4 மணி நேரம், 24 மணி நேரத்துல 4 தடவைக்கு மேல கூடாது. உங்க பாப்பாவுக்கு எத்தனை மில்லின்னு டாக்டர் சொல்றது தான் கணக்கு, அதை பாட்டில் மேலயே ஒட்டி வெச்சுடுங்க. சொட்டு மருந்தும் சிரப்பும் ஒண்ணு இல்ல, சொட்டு மருந்துல அதே ஒரு மில்லியில மருந்து ரொம்ப அதிகம், சிரப் அளவுக்கு சொட்டு மருந்தை ஊத்தினா ஓவர்டோஸ், அடி வாங்கறது கல்லீரல். சளி மருந்துலயும் சில சமயம் பாராசிட்டமால் கலந்திருக்கும், ரெண்டையும் சேர்த்து குடுத்துடுவாங்க. இதுக்கு சண்டையெல்லாம் வேணாம், ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர், யார் குடுத்தாலும் மருந்து பேரு, அளவு, நேரம் எழுதணும், நீங்களும் எழுதணும், வீட்டுக்காரரும் எழுதணும். அம்மா மட்டும் எழுதணும்னா அது ரூல், எல்லாரும் எழுதினா பழக்கம்.

யாருமே யோசிக்காத ஒண்ணு சொல்றேன். தாத்தா பாட்டியோட மாத்திரை. சுகர் மாத்திரையில சில வகை ஒண்ணே ஒண்ணு முழுங்கினாலும் சின்ன குழந்தைக்கு சர்க்கரை அபாயமா இறங்கிடும், அதுவும் உடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சு கூட இறங்கும். பிபி மாத்திரையிலயும் சில வகை ஒண்ணே ஒண்ணு முழுங்கினாலும் ரத்த அழுத்தம் அபாயமா இறங்கிடும். பெரியவங்க கிழமை போட்ட டப்பாவுல மாத்திரையைப் பிரிச்சு வெச்சுப்பாங்க, அந்த டப்பாவை ஒண்ணரை வயசு குழந்தை சாதாரணமா திறந்துடும். அப்புறம் காது மெஷின்ல, ரிமோட்ல போடற பட்டன் பேட்டரி, அது உணவுக்குழாய்ல மாட்டினா 2 மணி நேரத்துலயே உள்ளே புண்ணாக்கிடும். ஒரு வயசுக்குள்ள தேன் கூடாது (உங்களுக்கு தாண்டியாச்சு, மத்தவங்களுக்காக சொல்றேன், அதுல இருக்கற ஒரு வகை பாக்டீரியா அந்த வயசு குடல்ல வளர்ந்து விஷம் உண்டாக்கும்). முழு கொட்டைப் பருப்பு, முழு திராட்சை இந்த வயசுக்கு கூடாது, மூச்சுக்குழாய்ல அடைக்கும். பக்கெட்ல கொஞ்சம் தண்ணி இருந்தாலும் தனியா விடக்கூடாது. இதை எல்லாம் "நீ தப்பு பண்றே"ன்னு ஆரம்பிக்காம "அம்மா உன் மாத்திரை டப்பாவை மேல் ஷெல்ஃப்ல வைக்கலாமா"ன்னு ஆரம்பிச்சா யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

கண்ணாடிப்பூ
ஐயோ மாத்திரை டப்பா! அம்மா தலகாணி பக்கத்துல தான் வெச்சிருப்பாங்க, நான் யோசிச்சதே இல்ல. இப்பவே போய் பார்க்கறேன். நன்றி சிஸ்.

தூக்கம்_எங்கே
எனக்கு மாமியார் தான் பார்த்துக்கறாங்க, நீங்க சொன்ன மாதிரி "வீட்டுக்காரரை விட்டு சொல்றது" அவ்ளோ ஈசின்னு நினைச்சுடாதீங்க 😅 எங்காளு "சரி சரி சொல்றேன்"னு சொல்லிட்டு அவங்கம்மா முன்னாடி போய் நின்னா "இவ தான்மா ஃபோன் வேணாங்கறா"ன்னு சொல்லிட்டு வர்றார். அதுக்கு பேசாமலே இருந்திருக்கலாம். "நாங்க ரெண்டு பேரும் இப்படி முடிவு பண்ணியிருக்கோம்மா"ன்னு அவர் வாயால ஒரு வரி வந்துட்டா எனக்கு பாதி பிரச்சினை முடிஞ்சுது. அது வரலையே.

அப்புறம் "டாக்டர் சொன்னார்"னு போட்டா மட்டும் கேக்கறாங்க. நான் எல்லாத்துக்கும் டாக்டரை இழுக்கறேன். டாக்டர் பாவம், அவர் வாழ்க்கையில அவ்ளோ பேசியிருக்க மாட்டார்.

மூணாவது_ஷிப்ட்
@தூக்கம்_எங்கே டாக்டர் ட்ரிக் ஒரு தடவை ரெண்டு தடவை ஓடும், ஒரு நாள் அவங்களே செக்கப்புக்கு வந்து "நீங்க சாக்ஸ் போடக்கூடாதுன்னு சொன்னீங்களாமே"ன்னு கேட்டா என்ன பண்ணுவீங்க? அதுக்கு பேசாம அடுத்த செக்கப்புக்கு அவங்களையே கூட்டிட்டு போங்க. அவங்க சந்தேகத்தை அவங்களே கேக்கட்டும். எங்கம்மா போனாங்க, நாங்க தொண்டை கிழிய கத்தினதை டாக்டர் ஒரே வாக்கியத்துல சொன்னார், கேட்டுக்கிட்டாங்க. எங்களுக்கு கொஞ்சம் வயித்தெரிச்சல் தான், ஆனா வேலை ஆச்சு. இதுல இன்னொரு சைடு, ரெண்டு விஷயத்துல டாக்டர் அம்மா பக்கம் பேசிட்டார், நாங்க வாயை மூடிக்கிட்டோம்.

வாயாடி
நல்லா இருக்கே, டாக்டர் சொன்னா கேக்கறவங்க பெத்த புள்ள சொன்னா கேக்க மாட்டாங்க. அதுக்கும் காரணம் இருக்கு, நாம சொல்ற விதம். ஃபேஸ்புக்ல பார்த்த வீடியோவை ஃபார்வர்ட் பண்ணிட்டு கீழ "படிம்மா"ன்னு போட்டா யார் படிப்பாங்க.

புத்தகப்புழு
"நாங்க உங்களை எல்லாம் இப்படித்தான் வளர்த்தோம், நல்லா தானே இருக்கீங்க" இந்த டயலாக் வராத வீடு இல்லைன்னு நினைக்கறேன். அதுக்கு எதிர்த்து "அது தப்பு"ன்னு சொன்னா அவங்க மொத்த தாய்மையையும் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடுது. ஆனா உண்மையில மாறினது அவங்க இல்ல, மருத்துவம் தான் மாறுச்சு. ஒரு உதாரணம், மேலை நாடுகள்ல ரொம்ப காலம் டாக்டர்களே கைக்குழந்தையை குப்புற படுக்க வைக்கச் சொல்லிட்டு இருந்தாங்க. அப்புறம் தூக்கத்துல நடக்கற திடீர் மரணத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் தெரிஞ்சு, 1992ல அமெரிக்க குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு அதை மாத்துச்சு, 1994ல மல்லாக்க படுக்க வைங்கன்னு நாடு முழுக்க பிரசாரம் பண்ணாங்க, அடுத்த சில வருஷத்துல அந்த மரணங்கள் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. அதுக்கு முன்னாடி குப்புற போட்ட அம்மாக்கள் எல்லாம் மோசமானவங்களா? அன்னிக்கு டாக்டர் சொன்னதை தான் செஞ்சாங்க. "உனக்கு அன்னிக்கு சொன்னதை நீ சரியா பண்ணேம்மா, இப்போ சொல்றது வேற"ன்னு ஆரம்பிச்சு பாருங்க.

ஃபோனும் அப்படித்தான், அவங்க உங்களை வளர்த்தப்போ அது கிடையாது, அதுக்கு பாட்டி வைத்தியமும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019ல தான் சொல்லுச்சு, 2 வயசுக்குள்ள உக்காந்து ஸ்க்ரீன் பார்க்கறது வேணவே வேணாம், 2லேர்ந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல வேணாம், அதுக்கும் குறைவுன்னா இன்னும் நல்லதுன்னு.

(சம்பந்தமில்லாம ஒண்ணு: மனுஷப் பொம்பளைங்க குழந்தை பெறற வயசு முடிஞ்சும் ஏன் இவ்ளோ வருஷம் வாழறாங்கன்னு கிறிஸ்டன் ஹாக்ஸ்னு ஒரு மானிடவியலாளர் தான்சானியாவுல ஹட்ஸா மக்களை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. பாட்டி கிழங்கு தோண்டி பேரப்பிள்ளைக்கு சாப்பாடு போட்டதால தான் மனுஷ இனமே இப்படி வளர்ந்துச்சுங்கறது அவங்க கருத்து. ஆக இந்த சண்டை ரொம்ப பழசு.)

தூக்கம்_எங்கே
@புத்தகப்புழு இதை எங்க மாமியார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, மனுஷ இனத்தையே நான் தான் வளர்த்தேன்னு கிளம்பிடுவாங்க 😂

பென்ஷன்_பாட்டி
நான் இந்த பக்கம் இருக்கறவ. ரிட்டயர்ட் ஆகி வீட்டுல உக்காந்தவளை பேரன் வந்து எழுப்பி விட்டான். எல்லாரும் எழுதறதை படிச்சுட்டு தான் இருக்கேன். நல்ல பிள்ளைங்களா தான் பேசறீங்க, ஆனா ஒருத்தர் கூட "பாட்டிக்கு என்ன முடியாது"ன்னு கேக்கலையேன்னு தோணுச்சு, அதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுடுங்க.

கண்ணாடிப்பூ கண்ணு, உங்கம்மா "வேற ஆளை வெச்சுக்கோ"ன்னாங்களே, அது கோவம்னு நீ நினைக்கறே. எனக்கு அது வேற மாதிரி கேக்குது. எங்களால "இன்னிக்கு என்னால முடியல"ன்னு சொல்ல முடியாதும்மா. சொன்னா நீங்க வேலைக்கு எப்படி போவீங்க. முட்டி வலிக்குதுன்னா உடனே உங்க மூஞ்சி மாறும், குற்ற உணர்ச்சியா இல்ல எரிச்சலான்னு எங்களுக்கு புரியாது. அதனால வலிக்கறதை சொல்லாம வேற எதுலயாவது வெடிப்போம். ஆறு மணிக்கு வர்றேன்னு போனவங்க எட்டு மணிக்கு வந்தா ஒரு ஃபோன் கூட பண்ண மாட்டீங்க, பாட்டி வீட்டுல தானே இருக்காங்கன்னு. ஆபீஸ்ல மீட்டிங் தள்ளிப் போனா அங்க பத்து பேருக்கு மெயில் போடுவீங்க.

ஃபோன் விஷயம் சொல்றேன். சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் வரும், குழந்தைக்கு தூக்கமும் இல்ல பசியும் இல்ல, எதை குடுத்தாலும் தூக்கி எறியும், எனக்கும் இடுப்பு விட்டுப்போயிருக்கும். அந்த அரைமணிக்கு தான் ஃபோன். ஃபோனை வாங்கிக்கோங்க, தாராளமா. ஆனா அந்த அரைமணிக்கு நான் என்ன பண்ணணும்னு சொல்லிட்டு வாங்கிக்கோங்க. என் மருமக அதைத்தான் பண்ணா. "எந்த நேரம் அத்தை ரொம்ப கஷ்டமா இருக்கு"ன்னு கேட்டா. சொன்னேன். அந்த நேரத்துக்கு மட்டும் எடுக்கற மாதிரி ஒரு பெட்டி நிறைய பழைய டப்பா, மூடி, துணி, கரண்டின்னு போட்டு மேல வெச்சுட்டு போனா, மத்த நேரம் அதை அவன் கண்ணுலயே காட்டக்கூடாதுன்னா. அது எல்லா நாளும் வேலை செய்யலை, ஆனா பாதி நாளைக்கு செய்யுது. மிச்ச நாளைக்கு ஃபோன் தான், அவளுக்கும் தெரியும், நானும் மறைக்கறதில்ல.

கேமரா வைக்கறவங்களுக்கு ஒண்ணு. வைங்க, குழந்தை பாதுகாப்புன்னா சரி. ஆனா சொல்லிட்டு வைங்க. சொல்லாம வெச்சு, நானா கண்டுபிடிச்சேன்னா அன்னியோட நான் அந்த வீட்டுக்கு வேலைக்காரி ஆயிடறேன். வேலைக்கு வர்றவங்களுக்கு கூட அப்படி பண்ணக்கூடாது.

குழந்தை முன்னாடி அம்மாவை மட்டம் தட்டறது தப்பு தான், அதுல நான் உங்கம்மா பக்கம் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன், நீங்களும் குழந்தை முன்னாடி "அம்மா எத்தனை தடவை சொல்றது உனக்கு"ன்னு அவங்களை கேக்கறீங்களா? கேட்டிருந்தா அதையும் சேர்த்து பேசுங்க.

வாயாடி
பாட்டி சூப்பர் 🙏 நான் சொல்ல வந்ததை நீங்க ஒழுங்கா சொல்லிட்டீங்க.

ஜன்னலோரம்
நானும் இதுல ஒரு வார்த்தை. பெர்லின்ல வயசானவங்களை பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வுல, பேரப்பிள்ளைங்களை அப்பப்போ பார்த்துக்கற தாத்தா பாட்டிங்க, பார்த்துக்காதவங்களை விட அதிக நாள் வாழ்ந்ததா வந்துச்சு. எல்லாரும் அதை தூக்கி வெச்சு பேசுவாங்க, ஆனா அது "அப்பப்போ" பார்த்துக்கறவங்களை பத்தினது, முழு பொறுப்பையும் தோள்ல சுமக்கறவங்க அந்த கணக்குல இல்ல. அதனால "பேத்தி கூட இருந்தா உனக்கும் நல்லது தானேம்மா"ன்னு சொல்றதுக்கு முன்னாடி அவங்க நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கறாங்கன்னு எண்ணிக்கோங்க.

கடைசி_பெஞ்ச்
எல்லாரும் பேசினா சரியாயிடும்ங்கற மாதிரியே எழுதறீங்க. சில வீட்டுல ஆகாது. எங்க மாமனார் மாமியார் என் பையனுக்கு அலர்ஜின்னு டாக்டர் எழுதிக் குடுத்ததையே நம்பலை, "கொஞ்சமா குடுத்து பழக்கினா சரியாயிடும்"னு எங்களுக்கு தெரியாம ஊட்டி, உடம்பு பூரா தடிச்சு மூச்சு வாங்கி ஓடினோம். அதுக்கப்புறம் பேச்சே இல்ல, டேகேர்ல போட்டுட்டோம். டைட் தான், சமாளிக்கறோம். தாத்தா பாட்டி வீட்டுக்கு லீவு நாள்ல நாங்க கூட இருந்து கூட்டிட்டு போறோம். வேடிக்கை என்னன்னா இப்போ தான் எல்லாரும் நல்லா பேசிக்கறோம். அவங்களுக்கும் பார்த்துக்கற டென்ஷன் இல்லாம பேரனோட விளையாட முடியுது.

கண்ணாடிப்பூ உங்க கேஸ் அந்த அளவுக்கு இல்ல. ஆனா மருந்தை மறைச்சது மறதியா, வேணும்னேவான்னு மட்டும் கண்டுபிடிங்க. மறதின்னா பேப்பர் போதும். வேணும்னேன்னா பேப்பர்ல அது தீராது.

மூணாவது_ஷிப்ட்
@கடைசி_பெஞ்ச் இது ரொம்ப முக்கியமான பாயிண்ட். அலர்ஜியில "கொஞ்சமா பழக்கறது" டாக்டர் மேற்பார்வையில நடக்கற சிகிச்சை, வீட்டுல பண்ற டெஸ்ட் இல்ல.

போட்டோ பத்தி யாரும் பேசலை. அது எங்க வீட்டுல சுலபமா முடிஞ்சுது. போடாதீங்கன்னு சொல்லலை, நாங்களே நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் தனியா ஒரு க்ரூப் ஆரம்பிச்சு அப்பாவை அட்மின் ஆக்கிட்டோம். குளிக்கற போட்டோ மட்டும் எந்த க்ரூப்லயும் கிடையாதுன்னு ஒரே ஒரு கண்டிஷன். இப்போ அவர் மத்தவங்களை மிரட்டறார்.

கண்ணாடிப்பூ
அப்டேட். லீவு நாள்ல பாப்பா தூங்கினதும் அம்மா பக்கத்துல போய் உக்காந்தேன். லிஸ்ட் எதுவும் எடுத்துட்டு போகலை. பென்ஷன் பாட்டி சொன்ன மாதிரி "உனக்கு எது ரொம்ப கஷ்டமா இருக்கும்மா"ன்னு மட்டும் கேட்டேன். முதல்ல "ஒண்ணும் இல்ல, போய் தூங்கு"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே ஆரம்பிச்சாங்க. நான் நினைச்ச எதுவுமே இல்ல. சனிக்கிழமையும் நான் அசந்து தூங்கறேன்னு பாப்பாவை அவங்க ரூமுக்கு தூக்கிட்டு போயிடறாங்களாம், அதனால வாரத்துல ஒரு நாள் கூட அவங்க தங்கச்சி வீட்டுக்கு போக முடியலையாம். இவ்ளோ நாள் கேக்கலாமேன்னா "நீ பாவம்டி"ங்கறாங்க.

சனிக்கிழமை முழுசா அவங்களுக்கு லீவுன்னு முடிவாச்சு. வீட்டுக்காரர் அன்னிக்கு பாப்பா டியூட்டி, அவரே ஒத்துக்கிட்டார், முகம் கொஞ்சம் வெளிறிப்போச்சு. லேட்டாகும்னா ஆறு மணிக்கு முன்னாடியே ஃபோன் பண்ணணும்னு அம்மா போட்ட கண்டிஷன். மருந்து பேப்பர் ஒட்டியாச்சு, மறந்துட்டேன்னு தான் சொன்னாங்க, நம்பறேன். மாத்திரை டப்பா பீரோவுக்குள்ள போயிடுச்சு. பாப்பா முன்னாடி பேசறதை சொன்னேன், அதுக்கு "நீ மட்டும்?"னு ஒரு பார்வை பார்த்தாங்க, அதோட விட்டுட்டேன்.

ஃபோன் தான் இன்னும் இழுபறி. உலக சுகாதார நிறுவனம்னு ஆரம்பிச்சேன், "அவங்களை வந்து ஊட்டச் சொல்லு"ன்னுட்டாங்க. டப்பா மூடி பெட்டி ட்ரை பண்ணலாம்னு இருக்கேன், ஆனா இது சாயங்காலம் இல்ல, சாப்பாட்டு நேரம், அதுக்கு என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க.

பென்ஷன்_பாட்டி
சாப்பாட்டு நேரம்னா அவளையே கையால அள்ளி சாப்பிட விடச் சொல்லு, ஒண்ணரை வயசுல முடியும். முக்காவாசி கீழ தான் கொட்டும். தரையைத் துடைக்கறது யாருன்னு மட்டும் முன்கூட்டியே பேசிக்கோங்க, உங்கம்மா ஃபோனை எடுக்கறதே அந்த தரைக்கு பயந்து தான் இருக்கும்.

கண்ணாடிப்பூ
ஹா ஹா, பாட்டி நீங்க எங்க வீட்டுல கேமரா வெச்சிருக்கீங்களா? தரையை நான் ராத்திரி வந்து துடைச்சுக்கறேன்னு சொல்லிப் பார்க்கறேன்.